பிள்ளைகள் உரிய வயதுக்கு முன்பே குடிப்பதைத் தடுக்க, பெற்றோர் சேர்ந்து என்ன செய்யலாம்?

நீலவானம்:
எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு 15 வயது. அவன் வகுப்பில் சிலர் குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெற்றோர் பலருக்கும் இது அரசல்புரசலாகத் தெரியும், ஆனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. போன மாதம் ஒரு நண்பன் வீட்டில் பிறந்தநாள் விருந்து நடந்தது. பெரியவர்கள் மாடியில் இருந்தார்கள், பிள்ளைகள் கீழே. யாரோ ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலில் வோட்காவைக் கலந்து கொண்டுவந்திருக்கிறார்கள். என் மகனும் ஒரு வாய் குடித்திருக்கிறான். இரண்டு நாள் கழித்து அவனே வந்து சொன்னான்.

என் வீட்டில் என்ன விதி என்பதை நான் தீர்மானிக்கலாம். அவன் போகும் மற்ற வீடுகளில் என்ன செய்வது? அந்தப் பெற்றோரிடம் நேரடியாகப் பேசலாமா? "அடுத்தவர் பிள்ளை வளர்ப்பில் தலையிடாதே" என்கிறார் என் கணவர். தலையிடாமல் இருந்தால் என் பிள்ளையை மட்டும் எப்படிக் காப்பாற்ற முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

பேனாமுனை:
நீலவானம், பள்ளிகளில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். முதலில் ஒன்று: உங்கள் மகன் தானாக வந்து சொன்னான் அல்லவா, அதை எக்காரணம் கொண்டும் இழந்துவிடாதீர்கள்.

பிள்ளை எங்கே போகிறான், யாருடன் இருக்கிறான் என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்கும் வீடுகளில் குடிப்பழக்கம் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. அதை வைத்து "நன்றாகக் கண்காணியுங்கள்" என்றே அறிவுரை கொடுத்தார்கள். ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்து 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெற்றோருக்கு அந்த விவரமெல்லாம் எங்கிருந்து கிடைக்கிறது என்று பார்த்தால், பெரும்பகுதி பிள்ளை தானாகச் சொன்னதுதான். துருவிக் கேட்டும் கட்டுப்படுத்தியும் தெரிந்துகொண்டது கொஞ்சமே. செல்போனைச் சோதிப்பது, பையைக் கிளறுவது, வாயை முகர்ந்து பார்ப்பது எல்லாம் ஓரளவுக்குத்தான் உதவும். சொன்ன பிள்ளைக்குச் சொன்னதற்காகவே தண்டனை கிடைத்தால் அடுத்த முறை அவன் சொல்லமாட்டான். அதற்காகக் குடித்தது பரவாயில்லை என்று ஆகிவிடாது. "நீ சொன்னது நல்லது. குடித்தது எனக்குச் சம்மதமில்லை." இரண்டையும் ஒரே பேச்சில் சொல்லுங்கள்.

மற்ற பெற்றோரிடம் பேசலாமா என்றால், தாராளமாகப் பேசலாம், பேசத்தான் வேண்டும். எப்படி என்று பிறகு எழுதுகிறேன்.

ரயில்பயணி:
நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து உள்ளவன். எனக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு 16. ஒரேயடியாகத் தடுத்தால் ஆசை கூடும். வீட்டில் நம் கண் முன்னால், விசேஷ நாளில் கொஞ்சம் வைன் கொடுத்தால் அளவு தெரிந்துகொள்வார்கள் என்பது என் எண்ணம். நீச்சலை நாமே கூட நின்று சொல்லிக்கொடுப்பது போலத்தான் இதுவும். ஒளிந்து குடிப்பதைவிட இது மேல் இல்லையா?

வெண்புறா:
ரயில்பயணி ஐயா, நான் மருத்துவமனை அவசரப் பிரிவில் செவிலியர். உங்களைப் போல நினைக்கும் நல்ல பெற்றோர் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அக்கறையால்தான் கொடுக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நினைத்தது நடப்பதில்லை.

ஆஸ்திரேலியாவில் 1,900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை 12 வயதிலிருந்து ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். முடிவுகள் 2018இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்தன. பெற்றோர் கையால் மது வாங்கிக் குடித்த பிள்ளைகளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைத்ததாகத் தெரியவில்லை. பெற்றோரிடம் மட்டும் வாங்கிக் குடித்தவர்கள், அடுத்த ஆண்டில் வேறு இடத்திலும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காக இருந்தது. வீட்டில் கொடுத்தால் வெளியே தேடமாட்டான் என்ற கணக்கு அங்கே தலைகீழாகிவிட்டது.

இன்னொன்று, அந்த வயதின் மூளை. முன்பின் யோசித்து "போதும், நிறுத்து" என்று சொல்லும் முன்மூளைப் பகுதி முழுதாக வளர ஏறக்குறைய 25 வயது வரை ஆகும். அளவு தெரிந்து நிறுத்த வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது அந்தப் பகுதியிடம்தான். அது இன்னும் தயாராகவே இல்லை. பெரியவர்களுக்கு மது உள்ளே போனால் தூக்கம் வரும், கால் தள்ளாடும், உடம்பே நிறுத்தச் சொல்லும். விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இளம் பருவத்தில் இந்த எச்சரிக்கை குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். நான் அவசரப் பிரிவில் பார்க்கும் பிள்ளைகளும் அப்படித்தான். நன்றாக நின்று பேசிக்கொண்டே இருந்தவன் திடீரென்று சரிந்துவிட்டான் என்று கூட வந்த நண்பர்கள் சொல்வார்கள்.

ரயில்பயணி:
சிஸ்டர், விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். சீக்கிரம் குடிக்கத் தொடங்கியவர்கள் பிற்காலத்தில் அடிமையாகிறார்கள் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டுச் சூழலால், மனக்கஷ்டத்தால் ஏற்கெனவே அப்படிப் போகக்கூடியவர்களாக இருந்திருக்கலாம் அல்லவா? வயதுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பேனாமுனை:
சரியான கேள்வி. அமெரிக்காவில் கிரான்ட், டாசன் என்ற ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட கணக்குதான் எல்லா இடத்திலும் மேற்கோள் காட்டப்படுகிறது. 15 வயதுக்கு முன் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையானார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். இதை மட்டும் வைத்து வயதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லும் வீட்டுச் சூழலும் அதற்குள் கலந்திருக்கிறது.

அதனால்தான் பெற்றோர் ஏதாவது செய்தால் பிள்ளையின் குடி மாறுகிறதா என்று சோதித்த ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். ஸ்வீடனின் ஓரெப்ரோ நகரில் ஒரு திட்டம் நடத்தினார்கள். பிள்ளைகளிடம் எதுவும் பேசவில்லை, பெற்றோரிடம் மட்டும்தான். 13 வயதிலிருந்து 16 வயது வரை, ஒவ்வொரு பருவத்திலும் பள்ளிக் கூட்டத்தில் சில நிமிடங்கள்: "குடி கூடாது என்பதில் உறுதியாக இருங்கள், அதை வீட்டில் தெளிவாகச் சொல்லுங்கள்." பெற்றோர் தங்களுக்குள் பேசி ஒப்பந்தமும் எழுதினார்கள். போதையேறும் அளவுக்குக் குடிப்பது அந்தப் பிள்ளைகளிடம் குறைவாக இருந்ததாக 2008இல் முடிவு வந்தது. சில ஆண்டுகள் கழித்து ஸ்வீடனிலேயே பெரிய அளவில் மறுபடி செய்தபோது அந்தப் பலன் சரியாகத் தெரியவில்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நெதர்லாந்தில் வேறு மாதிரி செய்தார்கள். ஒரு குழுவில் பெற்றோருக்கு மட்டும், ஒன்றில் மாணவர்களுக்கு மட்டும், இன்னொன்றில் இருவருக்கும் சேர்த்து. தனித்தனியாகச் செய்தது பலிக்கவில்லை. இருவருக்கும் சேர்த்துச் செய்த குழுவில் பிள்ளைகள் குடிக்கத் தொடங்குவது தள்ளிப்போனது.

கண்டிப்பு மட்டும் போதாது, பிள்ளையிடம் அறிவுரை மட்டும் சொன்னாலும் போதாது, வீட்டிலும் பள்ளியிலும் ஒரே நேரத்தில் ஒரே பேச்சு இருக்க வேண்டும் என்றுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஆலமரம்:
வீடும் பள்ளியும் மட்டுமா? ஊரும் சேர வேண்டும். ஐஸ்லாந்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 1990களில் ஐரோப்பாவிலேயே அதிகம் குடிக்கும் பிள்ளைகள் உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், முந்தைய ஒரு மாதத்தில் போதையாகும் அளவுக்குக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதம்.

அங்கே செய்தவற்றில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் சொந்தக் கணக்கைக் கையில் கொடுத்ததுதான். நாட்டின் சராசரியைச் சொன்னால் "நம் பள்ளியில் இப்படி இல்லை" என்று எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். பெயர் எழுதாமல் மாணவர்கள் நிரப்பிய படிவங்களைத் தொகுத்து, சூடு ஆறுவதற்குள், அந்தந்தப் பள்ளிப் பெற்றோர் முன்னால் வைத்தார்கள். இது நம் பிள்ளைகள் விஷயம் என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது.

சட்டமும் இருந்தது. மது வாங்க 20 வயது ஆக வேண்டும், விளம்பரத்துக்குத் தடை. 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் பெரியவர் துணையில்லாமல் வெளியே இருக்கக் கூடாது, கோடையில் 12 மணி வரை இருக்கலாம். வார இறுதி இரவுகளில் பெற்றோர் சிலர் சேர்ந்து தெருக்களில் நடந்து வருவார்கள். பிடிப்பதற்காக அல்ல, ஊர்ப் பெரியவர்கள் இங்கே இருக்கிறோம் என்று தெரிவதற்காக. அதோடு பிள்ளைகளுக்கு விளையாட்டு, இசை, நடனம் என்று போக்கிடம் உண்டாக்கி, அதற்குக் கட்டணம் கட்டக் குடும்பங்களுக்கு உதவித்தொகையும் கொடுத்தார்கள். வாரத்தில் நான்கு முறையாவது முறையான விளையாட்டுப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் 1997இல் 24 சதவீதம், 2012இல் 42 சதவீதம்.

சிறிய நாடு, பணம் உள்ள நாடு, நமக்கெல்லாம் ஒத்துவராது என்று சிலர் சொல்வார்கள். பெற்றோர் சேர்ந்து நடப்பதற்கும், "இத்தனை மணிக்கு மேல் வெளியே இல்லை" என்று பத்து வீடுகள் ஒரே நேரத்தை முடிவு செய்வதற்கும் என்ன பணம் வேண்டும்? எங்கள் குடியிருப்பில் அந்த நேரத்தை மட்டும் பேசி முடிவு செய்தோம். "அவன் வீட்டில் விடுகிறார்களே" என்ற பேச்சு அதோடு நின்றது.

மின்மினி:
எனக்கு 19 வயது. இதையெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

பிள்ளைகள் கடைக்குப் போய் வாங்குகிறார்கள் என்று பெரியவர்கள் நினைக்கிறீர்கள். கடையும் உண்டு. ஆனால் எங்கள் கூட்டத்தில் பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு அலமாரியிலிருந்துதான் வந்தது. பாட்டிலில் இரண்டு விரல் அளவு எடுத்துக்கொண்டு அதே அளவு தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவார்கள். வோட்கா, ஜின் என்றால் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அப்புறம் அண்ணன்மார். காலேஜ் போகும் அண்ணன் ஒருவன் இருந்தால் போதும். தெரியாத ஆளிடம் காசு கொடுத்து "வாங்கித் தாருங்கள்" என்று கேட்டால் வாங்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்கே கொண்டுவந்து தரும் இடங்களில் வாசலில் வயதைக் கேட்காமல் பையை நீட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இன்னொன்று, எங்களில் பாதிப் பேருக்குக் குடிக்க விருப்பமே இல்லை. எல்லோரும் குடிக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மறுப்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. என் அம்மா ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். ஒரு குறிப்பிட்ட எழுத்தை மட்டும் மெசேஜ் அனுப்பினால் அவர் உடனே போன் செய்து, "அவசரம், உடனே வீட்டுக்கு வா" என்று கோபமாகப் பேசுவார். நண்பர்கள் முன்னால் அம்மாதான் வில்லி, நான் தப்பித்துவிடுவேன். காரில் வரும்போது ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். மறுநாள் காலையில்தான் பேச்சு. அந்த ஏற்பாடு மட்டும் இல்லையென்றால் சில இரவுகளில் குடித்தவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்திருப்பேன்.

வெண்புறா:
மின்மினி தம்பி, உங்கள் அம்மாவை நான் பாராட்டினேன் என்று சொல்லுங்கள். அந்த "இன்று கேள்வி இல்லை, நாளை பேசலாம்" என்பது உயிர் காக்கும் விஷயம். எங்களிடம் தாமதமாக வரும் பிள்ளைகளில் பலர், கூட இருந்தவர்கள் வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்ததால்தான் தாமதமாக வருகிறார்கள். "தூங்கினால் சரியாகிவிடும்" என்று ஓர் அறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

பெற்றோரும் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மயங்கி விழுந்த பிறகும் வயிற்றில் உள்ள மது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். விழுந்தபோது இருந்த நிலையைவிட அரை மணி நேரம் கழித்து நிலைமை மோசமாகலாம். தட்டி எழுப்பியும் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவாக மூச்சு வருகிறது, அல்லது ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் பத்து நொடிக்கு மேல் ஆகிறது, தோல் சில்லிட்டிருக்கிறது, உதடு நீலம் பூத்திருக்கிறது, நினைவில்லாமலே வாந்தி எடுக்கிறான்: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸ். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாக்காக விடாதீர்கள், வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். தனியாக விட்டுப் போகாதீர்கள். காபி கொடுப்பது, குளிர்ந்த நீரை ஊற்றுவது, வாந்தி எடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், வெளியிலிருந்து அதை விரட்ட முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும் ஆபத்தும் உண்டு.

ஊஞ்சல்:
எல்லாம் படித்தேன். கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நானே மாலையில் குடிப்பவன். அதிகம் இல்லை, வாரத்தில் சில நாள். மகளுக்கு 13 வயது. நான் குடித்துக்கொண்டு அவளிடம் "நீ குடிக்காதே" என்று சொன்னால் அதற்கு மதிப்பு இருக்குமா?

பேனாமுனை:
இருக்கும், ஊஞ்சல். நீங்கள் வண்டி ஓட்டுகிறீர்கள், அவளுக்கு இன்னும் அனுமதி இல்லை, அதை அவள் ஏற்றுக்கொள்கிறாள் அல்லவா? வயதுக்கென்று விதிகள் இருப்பது பிள்ளைகளுக்குப் புரியும். நீங்கள் எதற்காகக் குடிக்கிறீர்கள் என்பதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். "இன்றைக்கு ஆபீஸில் தலைவலி, ஒன்று போட்டால்தான் சரியாகும்" என்ற ஒரு வாக்கியத்தை வீட்டில் சொல்லாமல் இருக்கப் பாருங்கள். மனசு சரியில்லாதபோது மருந்து இதுதான் என்று 13 வயதில் பதிந்துவிட்டால், அவளுக்கு மனசு சரியில்லாத நாளில் அதுதான் நினைவுக்கு வரும். பாட்டிலை எடுத்து வா, கிளாஸில் ஊற்று என்று வேலை சொல்லாதீர்கள். மின்மினி சொன்ன காரணத்துக்காக அலமாரியைப் பூட்டுங்கள். குடித்துவிட்டு வண்டியை ஒருபோதும் எடுக்காதீர்கள். நீங்கள் குறைத்தால் இன்னும் நல்லது, உங்களுக்கும்தான்.

13 வயது என்றால் இப்போதே பேசத் தொடங்குங்கள். உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேச வேண்டாம். காரில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது, விளம்பரம் ஒன்றைப் பார்க்கும்போது இரண்டு வார்த்தை போதும். முகம் பார்த்து உட்கார்ந்தால் பேசாத பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறையவே பேசும்.

நீலவானம்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வகுப்புப் பெற்றோருக்கு அனுப்ப ஒன்று எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"வணக்கம். நம் பிள்ளைகள் வெளியே கூடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். நாம் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால் அவர்களுக்கும் எளிது. யார் வீட்டில் கூடினாலும் பெரியவர் ஒருவர் அருகில் இருப்போம். சட்டம் சொல்லும் வயது வரும்வரை நம் பிள்ளைகளுக்கும் பிறர் பிள்ளைகளுக்கும் மது தரமாட்டோம், கொண்டுவரவும் விடமாட்டோம். வீட்டுக்குத் திரும்பும் நேரத்தைக் கூடிப் பேசி முடிவு செய்வோம். எந்தப் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனாலும் முதலில் ஆம்புலன்ஸ், அடுத்து அந்தப் பெற்றோருக்கு போன். சம்மதம் உள்ளவர்கள் பெயரைச் சேருங்கள்."

பேனாமுனை:
நன்றாக இருக்கிறது. குழுவில் போடுவதற்கு முன் இரண்டு மூன்று பெற்றோரிடம் தனியாக போனில் பேசிவிடுங்கள். முதல் ஆளாகப் பெயர் சேர்க்கத்தான் எல்லோருக்கும் தயக்கம். மூன்று பெயர் இருந்தால் நான்காவது தானாக வரும். போன மாத விருந்து நடந்த வீட்டைப் பற்றிக் குழுவில் ஒரு வார்த்தையும் வேண்டாம். அவர்களிடம் நேரில் போய், குற்றம் சாட்டாமல், "பிள்ளைகள் இப்படிக் கொண்டுவந்திருக்கிறார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்" என்று சொல்லுங்கள். அவர்களுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

மின்மினி:
அக்கா, அனுப்புவதற்கு முன் உங்கள் மகனிடம் காட்டிவிடுங்கள். அவன் சொன்னதால்தான் இது கிளம்பியது என்று நண்பர்களுக்குத் தெரிந்தால் அவனுக்குச் சங்கடம். அவன் வேண்டாம் என்றால் வேறொரு பெற்றோர் பெயரில் போகட்டும்.

ரயில்பயணி:
எங்கள் வகுப்புக் குழுவிலும் இதைப் போடப்போகிறேன். என் மகளுக்கு வீட்டில் கொடுப்பது பற்றி சிஸ்டர் சொன்னதை என் மனைவியோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பிறர் பிள்ளைக்கு என் வீட்டில் கிடையாது என்பதில் எனக்கு எப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. ஒரு கேள்வி: ஒரு பெற்றோர் "என் வீடு, என் இஷ்டம்" என்று சம்மதிக்க மறுத்தால்?

ஆலமரம்:
எங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தார். சண்டை போடவில்லை. அவர் வீட்டில் இரவு விருந்து என்றால் எங்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை, அவ்வளவுதான். அவர் மகனை மட்டும் ஒதுக்கவில்லை. எங்கள் வீடுகளுக்கு அவன் எப்போதும் வரலாம், மற்ற பிள்ளைகளுக்கு என்ன விதியோ அதுவே அவனுக்கும். அவன் இப்போதும் மாலையில் எங்கள் வீட்டில்தான் விளையாடிக்கொண்டிருக்கிறான்.